நான்கு விரற்கடை

துரு எங்கே முடிகிறது, தகரம் எங்கே தொடங்குகிறது
என்று ஸ்க்ரூடிரைவரால் குத்திக் குத்திப் பார்த்தான் கெதின்.
சக்கரத்துக்கு மேலே கை நுழைந்தது.
முழங்கை வரை.

அறுபத்தொன்பதாம் வருடத்து பெட்ஃபோர்டு வேன்.
லனெல்லி மழைக்குப் பயந்து கராஜுக்குள்
நான்கு குளிர்காலம் டார்ச் பிடித்தேன்.
"இங்கே இல்லை, அங்கே" என்பான்.
அங்கே என்பது எப்போதும்
அவன் தலைக்குப் பின்னால்.

பிளைவுட்டைப் பெயர்த்த அன்று, அடியில்
யாரோ பென்சிலால் எழுதிய பட்டியல்:
பால், பாரஃபின், மேவிஸிடம் மன்னிப்பு.
அந்தப் பலகையை மட்டும் மாற்றவில்லை.

பிரேக் டிரம் தபாலில் வந்தது,
பிறந்த குழந்தையின் எடை.
சமையலறை மேசையில் வைத்துவிட்டு
இருவரும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தோம்.

பிறகு கூரை. புதுக் கித்தான், புதுக் கீல்,
வெல்டிங் பொறி என் ஸ்வெட்டரில் ஏழு ஓட்டை.
மஞ்சள் பெயிண்ட் காய்ந்த ஞாயிற்றுக்கிழமை
ரிவர்ஸ் கியர் போட்டான்.
நிலையில் முட்டி நின்றது.
நான்கு விரற்கடை.
எல்லாவற்றையும் அளந்தவன்
கதவை அளக்கவில்லை.

சுவரை இடித்துவிடலாம் என்றாள்
பக்கத்து வீட்டு டிலிஸ், வேலிமேல் சாய்ந்தபடி.
அவன் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்திருந்தான்.
நான் குனிந்து, டயர் டயராக
வால்வை அழுத்திக் காற்றைப் பிடுங்கினேன்.
உஸ்ஸென்று தாழ்ந்தது வண்டி.
அவன் தோளும்.

மண்டியிட்ட பசுபோல் ஊர்ந்து
தெருவுக்கு வந்தது.
புது மஞ்சளில் முதல் மழை
உருண்டு உருண்டு நின்றது, ஒட்டாமல்.

"பம்ப் எங்கே?" என்றேன்.
டிலிஸ் மெதுவாக வேலியை விட்டு விலகி
தன் வீட்டுக்குள் தேடப் போனாள்.
இரவல் வாங்கி இரண்டு வருடமாம்.