வயிரவன், வயது பத்து

மூன்று ரூபாய் சம்பளம் எனக்கு.
அருளப்பனுக்கும் அதே மூன்று.
சருகணிக்காரன், எழுத்து முத்து முத்தாய் விழும்,
ஆகவே மைக்கூடும் பதிவேடும் அவன் பொறுப்பு.
மணலும் தண்ணீர்ப் பானையும்
நாலாம் வகுப்பும் என் தலையில்.

துரைத்தனத்துக் காகிதத்தில் நாங்கள்
பழகும் உபாத்தியாயர்கள்.
கண்டனூர்ப் பிள்ளைகள் வாயில்
அரை வாத்தி, அரைக்கால் வாத்தி.
நெட்டையாய் இருந்ததால் நான் அரை.

விடியுமுன் ஹெட்மாஸ்டர் எங்களுக்குப் பாடம் சொல்வார்,
வாயில் வேப்பங்குச்சியோடு.
எட்டு மணிக்கு அதையே
முப்பத்திரண்டு தலைகளுக்கு நான் சொல்ல வேண்டும்,
சூடு ஆறுவதற்குள்.
மத்தியானத்துக்கு மேல் எனக்கே மறந்துபோகும்.

மாசியில் பரீட்சை.
மதுரையிலிருந்து இன்ஸ்பெக்டர் வண்டி கட்டி வருவார்.
தேறிய தலைக்கு எட்டணா கிராண்டு.
தேறாத தலைக்கு ஒன்றுமில்லை.
வராத தலைக்கும் ஒன்றுமில்லை.

அந்த வருஷம் வயிரவன் வரவில்லை.
தை கடைசியில் மோல்மீனுக்குக் கப்பலேறிவிட்டான்,
மாமன் கடையில் பெட்டியடிப் பையனாக.
பதிவேட்டில் மட்டும் இருந்தான்:
வயிரவன், வயது பத்து, கணக்கில் சூரன்.

"கோட்டைக் கழற்று" என்றார் ஹெட்மாஸ்டர்
அருளப்பனிடம்.
வேறொன்றும் சொல்லவில்லை.
குடுமி இருந்தது, நல்ல வேளை.
கழுத்துச் சுரூபத்தை அவனே முதுகுப் பக்கம் தள்ளினான்.
திருநீற்றை அவர் பூசினார், மூன்று விரலால்,
சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல.
மேலுதட்டு அரும்புக்குத்தான் வழியில்லை.
"தலையைக் குனிந்தே இரு."

இரண்டாம் வரிசையில்,
பெத்தபெருமாளுக்கும் சாத்தப்பனுக்கும் நடுவில்
சம்மணமிட்டு உட்கார்ந்தான்.
முப்பத்தோரு பிள்ளைகளில் ஒன்றும் சிரிக்கவில்லை.
வீட்டுக் கணக்கை வெளியே சொல்லக்கூடாதென்பது
அதுகளுக்குப் பாலோடு ஊட்டியது.

"வயிரவன்?"
"ஆஜர்."
பாதி பிள்ளைக் குரல், பாதி ஆண் குரல்.
இன்ஸ்பெக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
வெயில் அவரைக் களைக்கப் பண்ணியிருந்தது.
பார்வையைத் தாளுக்கே திருப்பினார்.

நூற்றுக்கு மாதம் பன்னிரண்டணா வட்டி,
நானூற்றைம்பது ரூபாய், ஏழு மாதம்.
எவ்வளவு?

பலகைக்குச்சிகள் கிறீச்சிட்டன, நின்றன.
இருபத்துமூன்று ரூபாய் பத்தணா,
பெத்தபெருமாள் எச்சில் தொடாமலே முடித்திருந்தான்.
அருளப்பன் பலகையில்
இருபத்தொன்று.
அழகான இருபத்தொன்று.

"கையெழுத்து நன்று. கணக்கு தப்பு.
யார் இவனுக்குக் கற்றுக்கொடுத்தது?"

நான்தான், என்றேன்.
பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை.
"இன்னும் ஒரு வருஷம் இதே வகுப்பில் உட்காரட்டும்."

வண்டி போன பிறகு
பானைத் தண்ணீரில் நெற்றியைக் கழுவினான்.
தெரியாமல் போட்டாயா, வேண்டுமென்றே போட்டாயா,
என்று கேட்டேன்.
முகத்தைத் துண்டுக்குள் வைத்தபடியே
"வயிரவன் சரியாகப் போட்டிருப்பான்" என்றான்.
அதற்குமேல் நான் கேட்கவில்லை.
எனக்கும் அந்த விடை
பெத்தபெருமாள் பலகையைப் பார்த்துத்தான் தெரியும்.

மறுநாள் காலை பெயர் கூப்பிட்டான், கோட்டுப் போட்டுக்கொண்டு.
வயிரவன், என்றதும்
பின்வரிசையிலிருந்து எவனோ
இரண்டு குரலில் "ஆஜர்" என்றான்.
இப்போது சிரித்தார்கள், முப்பத்தோரு பேரும்,
நேற்றுச் சிரிப்பையும் சேர்த்து, வட்டியோடு.
அருளப்பன் பேனாவை மையில் தோய்த்து
பெயருக்கு எதிரே எழுதினான், முத்து முத்தாக:
கொண்டுவிக்கப் போனான்.

அந்த எட்டணாவை ஹெட்மாஸ்டர்
என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.
கற்றுக்கொடுத்தவன் நான்தானே.