பதினாலாம் இலக்கம்

பதிவாளர் அவர்களுக்கு,
தாழ்மையுடன் அறியத்தருவது யாதெனில்
என்பதுவரை மூன்று முறை வந்துவிட்டேன்.
அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொள்கிறது.
தகரத்தில் விழும் சத்தத்தில்
நான் சொல்வது எனக்கே கேட்பதில்லை.

கடந்த கடிதத்திற்குப் பின்
தகைமைகளில் ஏற்பட்ட முன்னேற்றங்களைக்
கேட்டிருந்தீர்கள்.
ஏற்பட்டவை:
மேல்மலையில் மண் சரிந்து
எங்கள் லயத்தில் இரண்டு காம்பராவைப் பூட்டிவிட்டார்கள்.
அம்மாவுக்கு இந்த மாதம் பதினொரு பேர்,
நாலு அரைப்பேர்.
தம்பிக்கு என் சப்பாத்து அளவாகிவிட்டது.
இதில் எது முன்னேற்றம் என்று தெரியாமல்
எல்லாவற்றையும் எழுதி
எல்லாவற்றையும் வெட்டினேன்.

வெட்டாமல் விட்டது ஒன்று:
பிள்ளைமடுவத்தில் பின்னேரம் ஐந்து மணிக்கு
ஏழு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன்.
இறந்தகாலம் வரை வந்திருக்கிறோம்.
எதிர்காலம் அடுத்த தவணை.
இந்தக் கடைசி வரி
கெட்டித்தனம் காட்டுவதுபோல் இருந்தது.
அதையும் வெட்டினேன்.

பாருக் நானாவின் கொமினிகேஷனில்
ஒரு பக்கம் அச்சடிக்க முப்பது ரூபாய்.
"மகள், மிகுந்த ஆவலுடன் ரெண்டு எடத்தில வருதே"
என்றார். ஒன்றை எடுத்தேன்.
மிச்சமிருக்கும் ஆவல் போதுமா என்று
பஸ் இறங்கும்வரை யோசித்தேன்.

காத்திருப்போர் பட்டியலில்
எனக்கு முன்னால் பதின்மூன்று பேர்.
முகம் தெரியாத பன்னிரண்டு பேருக்கு
இரவில் நல்ல காரியங்களாகவே நடத்திவைத்தேன்:
ஒருத்திக்குக் கனடாவில் மாப்பிள்ளை,
ஒருத்தனுக்கு வங்கியில் வேலை,
இன்னொருத்திக்கு வேறு கல்லூரி, இதைவிடப் பெரியது.
யாரையும் நோயில் விழுத்தவில்லை.
அந்த அளவுக்கு நேர்மையாகத்தான்
பேராசைப்பட்டேன்.

பதின்மூன்றாவதுக்கு முகம் இருந்தது.
ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம்,
மெரீனா ஜெசிந்தா.
உயர்தரத்தில் எனக்கு முன் வாங்கில் இருந்தவள்.
அவள் பின்னலுக்கு இரண்டு பக்கமும் எட்டிப்பார்த்துத்தான்
இரண்டு வருடம் கரும்பலகையைப் படித்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து
நனைந்த குடையோடு வந்தாள்.
"ஒனக்குக் கை நல்லா வருமே,
எனக்கும் ஒன்னு எழுதித் தாயேன்.
கொழும்புல கடைக்கு வரச்சொல்லி
மாமா நச்சரிக்கிறாரு.
இந்த மாசத்துக்குள்ள பதில் வரலன்னா போயிருவேன்."

இஸ்தோப்பில் அவள் செருப்பிலிருந்து
செம்மண் தண்ணீர் ஓடியது.
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு வரியை மந்தமாய் எழுதினால் போதும்.
ஒரு திகதியை மறந்தால் போதும்.
பேனா எங்க வச்சேன் என்று
கையில் பேனாவோடு தேடினேன்.

பிறகு கேட்டேன்,
இவ்வளவு நாளா நீ என்னடி செஞ்ச?
கொழுந்து நிறுக்கும் இடத்தில்
வாசிக்கத் தெரியாத பெண்களின் துண்டுகளைத்
தினமும் வாசித்துச் சொல்கிறாளாம்.
கிலோவில் பிழை கண்டு
கணக்கப்பிள்ளையோடு இரண்டு தரம் சண்டையாம்.
"இதெல்லாம் போடவா, வேணாமா?"

போட்டேன்.
எனக்கு வராத வார்த்தையெல்லாம் அவளுக்குக்
கூப்பிடாமலே வந்து
முதல் பந்தியில் உட்கார்ந்தன.
வாசித்துக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு
"இது யாரு?" என்றாள்.

திங்கட்கிழமை, பொகவந்தலாவைத் தபாற்கந்தோர்.
இரண்டு உறை, ஒரே கையெழுத்து.
தராசில் வைத்தவர் சொன்னார்,
"இது கொஞ்சம் பாரம்."
அவளுடையது.
முத்திரைக்குக் குறைந்த பத்து ரூபாயை
நான்தான் கொடுத்தேன்.
சந்தோஷமாகக் கொடுத்தேன் என்று சொல்லமாட்டேன்.

எங்கள் லயத்துக்கு இலக்கம் கிடையாது.
உங்கள் பதில் தோட்டக் காரியாலயத்துக்குத்தான் வரும்,
அங்கே மேசையில் எத்தனை நாள் கிடக்குமோ.
அதனால் இரண்டு கடிதத்தின் அடியிலும்
பேனாவால் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்:
தயவுசெய்து தொலைபேசிக்கு எடுக்கவும்.
மழை நாளென்றால்
இரண்டாம் தரமும் எடுக்கவும்.