சிதம்பரதாணு, பெண், வயது 47

கப்பல் கம்பெனி எழுதியிருந்தது:
ஏறுவதற்கு முந்தைய நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள்
ஆள் மேற்பார்வையில் எடுத்த பரிசோதனை,
பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர்.
நாகர்கோவில் நேரமா, பினாங்கு நேரமா என்று
ஜெசிந்தாவும் நானும் விரல்விட்டு எண்ணினோம்.
இடையில் ஒரு இரண்டரை மணி நேரம்
காணாமல் போய், திரும்ப வந்து, மறுபடி போனது.

செயலியில் பதிவு செய்யச் சொன்னார்கள்.
அது கேட்ட ஆறு இலக்கம்
என் இந்திய சிம்முக்கு வரவேயில்லை.
சூலியா தெரு விடுதியின் மாடிப்படியில்
போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து
விளக்குக் கம்பம்போல் நின்றேன்.
கீழே செண்டோல் வண்டிக்காரர்
அண்ணாந்து பார்த்து, ஐஸைச் சீவிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை. முதல் கிளினிக் பூட்டு.
இரண்டாவதில், வெளிநாட்டவர் என்றால் நாளை மாலை முடிவு.
நாளை மூன்று மணிக்குக் கப்பல்.
"நம்ம கன்னியாகுமரி போட்டு உனக்குப் போதாதா"
என்று அண்ணன் கேட்டது அப்போதுதான் உறைத்தது.

பர்மா சாலையில் மூன்றாவது.
"போலே லா அக்கா, உட்காருங்க," என்றாள்
கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தவமலர்.
அறுபது ரிங்கிட். சான்றிதழுக்குத் தனியே இருபது.
குச்சி உள்ளே போகும்போது
கண்ணில் வருவது அழுகை இல்லை, நரம்பு, என்றாள்.
எல்லோரிடமும் சொல்வாள்போல.

கால் மணி நேரத்தில் தாள் வந்தது.
பெயர்: சிதம்பரதாணு.
பால்: பெண். வயது: 47.
முடிவு: நெகட்டிவ்.

எங்கள் பக்கம் அப்பா என்றால் ஓர் எழுத்து.
சி. நீலவேணி. புள்ளி வைத்தால் தீர்ந்தது.
பாஸ்போர்ட் ஆபீஸில் அந்த எழுத்தை விரித்துக்
குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் உட்காரவைத்தார்கள்.
அதிலிருந்து விமான நிலையங்களில்
அவரைக் கூப்பிடுகிறார்கள்.
நான் எழுந்து போகிறேன்.

இருபத்தொன்று மே மாதம், ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில்
அவர் மூக்கிலும் குச்சி விட்டார்கள்.
முடிவு என் போனுக்கு வந்தபோது
மயானத்து ரசீதை மடித்துக்கொண்டிருந்தேன்.
பாசிட்டிவ். உடனே தனிமைப்படுத்திக்கொள்ளவும்.
அதைத்தான் செய்திருந்தார்.

"கப்பல்ல ஏத்தமாட்டாவ டீ, மாத்தச் சொல்லு!"
ஜெசிந்தா முழங்கையால் இடித்தாள்.
அவள் தாளில் அவள் பெயர் சுத்தமாக இருந்தது.

தவமலர் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.
"எங்க ஐசில நடுவுல ஏ.பி.ன்னு போடுவாங்க அக்கா,
அனாக் பெரெம்புவான், மகள்னு.
உங்களுக்கு அது இல்ல பாருங்க,
சிஸ்டம் குழம்பிடுச்சு."
புதுத் தாள் அச்சானது, என் பெயரோடு.
பழையதில் சிவப்பு மையில் ஒரு முத்திரை குத்தி
குப்பைக்கூடைப் பக்கம் கையை நீட்டினாள்.

நான் வெச்சுக்கட்டுமா, என்று கேட்டேன்.
எதற்கு என்று அவள் கேட்கவில்லை.
ஜெசிந்தா கேட்டாள்.

மறுநாள் ஸ்வெட்டன்ஹாம் துறையில் வரிசை நகரவில்லை.
இரும்புக் கூரையின் கீழ்
பெட்டி மேல் உட்கார்ந்து எடுத்துப் பார்த்தேன்.
தாளின் குறுக்கே ஆங்கில எழுத்தில் ஐந்து.
வாய்விட்டுக் கூட்டினால், பாத்தால்.
மலாயில் ரத்து என்று அர்த்தமாம்,
முன்னால் நின்ற பையன் சொன்னான்.

எனக்கு அது எங்கள் ஊர்ப் பேச்சில்
பாதியில் நிற்கும் ஒரு வாக்கியம்.
பாத்தால்...

மீதியை யோசிக்குமுன்
முகக்கவசத்தை இறக்கச் சொன்னார் அதிகாரி.
பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
"சிதம்பரதாணு?" என்றார்.
ஆமாம் என்றேன்.
ஜெசிந்தா அதற்குள் உள்ளே போய்
சாப்பாட்டுக் கூடம் எந்த மாடி என்று
யாரையோ விசாரித்துக்கொண்டிருந்தாள்.