நாற்பத்தொன்பது

வெள்ளிக்கிழமை ராத்திரி
கடைசி செம்பனை லாரியும் பாடாங் செராயைத் தாண்டியபின்
தவனேசன் வாஷிங் மெஷினை நகர்த்துகிறான்.
பின்னால் ஒரு முழ இரும்பு, ஒரு கைப்பிடி.
கையுறை ஃபேக்டரி லேத்தில் கடைந்தது,
அரிசி மூட்டைக்குள் வீடு வந்தது.
கேட்டதற்குத் தேங்காய் பிழிகிற மெஷின் என்றான்.
பதினோரு வருஷமாகத் தேங்காய் பிழிகிறவள் நான்.

பினாங்கில் ஊய் என்று ஒருவர்.
அவர் கொடுத்தனுப்பும் மைலோ டின்னில்
ஐம்பது பித்தளைக் குப்பி. சுட்டு முடித்தவை, வாயில் கரி.
மற்றதெல்லாம் நேர்க்குழாய், சொன்னபடி கேட்கும்,
இது கழுத்து வைத்த சாதி, கோபம் ஜாஸ்தி என்கிறான்.
தோள் வரைக்கும் ஒரு அகலம்,
அப்புறம் சட்டென்று ஒடுங்கி
நகக்கண் உயரத்தில் ஒரு கழுத்து.
இந்த அளவுக்கு ரவிக்கை கேட்டு
என்னிடம் யாரும் வந்ததில்லை.

அச்சில் இறக்குமுன் என் ஹேண்ட் கிரீமைத் தடவுவான்.
போன மாதம் தடவ மறந்தான், ஒன்று மாட்டிக்கொண்டது.
நடுராத்திரியில் சுத்தியல்.
"பைப்பு உடைஞ்சிருச்சா?"
பக்கத்து வீட்டுக் கஸ்தூரிதேவி ஜன்னலில் கேட்டாள்.
ஆமாம் என்றேன்.
அன்றிலிருந்து நானும் சேர்த்தி.

என் வேலை கழுத்து பார்ப்பது.
சுடச் சுடப் பித்தளை விறைத்துப்போகும்,
விரிசல் முதலில் கழுத்தில் விழும்.
அவன் கண்ணுக்கு அது அகப்படாது.
என்னுடையது ஊசி கோர்க்கிற கண்.
விளக்கடியில் உருட்டி விரலால் வருடினால்
பட்டுப்புடவையில் சிக்கின மாதிரி
நகம் ஓரிடத்தில் நிற்கும்.
அதைத் தனியே வைப்பேன்.
உள்ளே நிரப்புகிற நேரம் துணி காயப்போடப் போய்விடுவேன்,
ராத்திரி பன்னிரண்டுக்கு,
பார்க்காதது என் கணக்கில் வராது என்று.

ஒரு டின்னுக்கு எண்பது வெள்ளி.
லிஷாந்தினியின் டியூஷனுக்குச் சரியாகப் போகும்.
ஒரு ரவைக்கு எத்தனை வருஷம் உள்ளே என்று
ப்ளவுஸ் வாங்க வந்த போலீஸ்காரர் மனைவி
பேச்சுவாக்கில் சொன்னாள்.
கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன்.
ஐம்பதால் பெருக்கிப் பார்க்கவில்லை.

போன வெள்ளி எண்ணினான். நாற்பத்தொன்பது.
திரும்பவும் எண்ணினான்.
மெஷினுக்கடியில், சாக்கடை வாயில்,
என் பாபின் பெட்டியில், நாயின் தட்டில்.
"நீ எடுத்தியா?"
"மூக்குத்தி செஞ்சு போட்டுக்கவா?"
இரண்டு பேரும் தூங்கவில்லை.
விடியவிடிய மின்விசிறி மட்டும்
எதையோ எண்ணிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை தமிழ்ப்பள்ளித் திடலில் விளையாட்டுப் போட்டி.
வாசலில் கார்களை ஒழுங்குபடுத்திவிட்டு
சார்ஜன் ரோஸ்லி நிழலுக்கு வந்து உட்கார்ந்தார்,
எங்களுக்கு மூன்று நாற்காலி தள்ளி.
வலைப்பந்து தொடங்கவேண்டும்.
டீச்சரின் விசிலில் காற்று மட்டும்தான் வந்தது.
அப்போது இன்னொன்று கேட்டது:
புதுத்துணியை ஒரே இழுப்பில் கிழிக்கிறாற்போல,
ஒல்லியாக, நீளமாக.
லிஷாந்தினி.
கீழுதட்டில் பித்தளை மின்ன,
தன் ஆயுளில் முதல்முறையாக டீச்சருக்கு உதவிக்கொண்டு.
ஒடுங்கின கழுத்துக்குள்
இப்படி ஒரு தொண்டை இருந்தது
எங்களுக்குத் தெரியாது.

ரோஸ்லி திரும்பிப் பார்த்தார்.
"பாகுஸ்" என்று கட்டைவிரல் உயர்த்தினார்.
தவனேசன் கையிலிருந்த தேத்தண்ணிப் பை
மெல்ல நசுங்கி
சட்டையெல்லாம் ஒழுகிற்று. அவன் துடைக்கவில்லை.
எனக்கு, சொன்னால் நம்பமாட்டீர்கள்,
முதலில் தோன்றியது இதுதான்:
விரிசல் இருந்தால் இந்தச் சத்தம் வராது.
நான் நல்லதென்று வைத்த குப்பி அது.

மோட்டாரில் எங்கள் இருவருக்கும் நடுவே உட்கார்ந்து
வீடு வரை பேசிக்கொண்டே வந்தாள்.
"கிளாஸ்ல எல்லாருக்கும் ஒண்ணு வேணுமாம்ப்பா.
வீட்ல எத்தனை இருக்குன்னு கேட்டாங்க.
எண்ணிப் பாத்துத்தான் சொன்னேன்,
நாப்பத்தொம்போதுன்னு."