உட்கார்ந்தால் மட்டும்

எங்கள் ஊரில் புழக்கடைத் தரைகூட சிலேட்டு.
மலையைப் பிளந்து கூரைகளுக்கு அனுப்பியது போக
உடைசலை எங்கள் காலுக்கடியில் பதித்துவிட்டார்கள்.
சிலேட்டு எண்ணெயைக் குடிக்காது.
சொட்டியது சொட்டிய இடத்திலேயே கிடக்கும்.
மழை வந்து அதற்கு வானவில் பூசும்.
பிளைனை ஃபெஸ்டினியோகில் மழை
வாரத்துக்கு ஒன்பது நாள்.

அடுத்த வீட்டு இட்வால் மதிலுக்கு மேல் தலை நீட்டி
"டெலித், இன்றைக்குப் பதினொன்று" என்பார்,
கறையை எண்ணத்தான்
பென்ஷன் கொடுக்கிறார்கள் என்பதுபோல.

முதலில் போல்ட்டை இறுக்கினேன்.
இன்னும் கொஞ்சம் இறுக்கினேன்.
அந்த இன்னும் கொஞ்சத்தில்
அலுமினிய மரை சுருள்சுருளாகக் கையோடு வந்தது.
அதற்கு ஒரு சனி, ஞாயிறு.

பிறகு கேஸ்கட்.
செம்புத் தகட்டை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி
பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டேன்.
ஸ்ஸ் என்றது. பூனை மூன்று நாள் சமையலறைக்கு வரவில்லை.
மெழுகினேன், பூட்டினேன், ஓட்டினேன்.
பன்னிரண்டு.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் நான்.
எந்தப் பையன் பின்வரிசையில் என்ன செய்கிறான் என்று
கண்ணாடியைப் பார்க்காமலே சொல்வேன்.
ஒரு டிரையம்ஃப் எஞ்சின்,
எனக்கு ஒரு வயது இளையது,
எங்கே ஒழுகுகிறது என்று தெரியவில்லை.

மண்ணெண்ணெயில் குளிப்பாட்டினேன்.
துடைத்து, குழந்தைப் பவுடரை உடம்பெல்லாம் தட்டினேன்.
கல்யாணத்துக்குக் கிளம்பியதுபோல் நின்றது.
ஸ்டாண்டில் நிறுத்தி அரைமணி ஓடவிட்டேன்.
பவுடர் கலையவில்லை, ஒரு பொட்டுகூட.
டிராஸ்வினித் வரை போய்த் திரும்பினால்
மை வழிந்த முகம்.
எண்ணெய் காற்றோடு பின்னால் ஓடுகிறது.
சொட்டுகிற இடம்
அது பிறந்த இடம் இல்லை.

நின்றால் ஒழுகாது. போனால் ஒழுகும்.
இதைச் சொன்னபோது இட்வால்
"என் முழங்காலுக்கு நேர் எதிர்" என்றார்.

மே மாதத்தில் ஒரு வியாழன், அதிசயமாய் வெயில்.
எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது,
நான் டார்ச்சோடு தரையில் படுத்திருக்கிறேன்.
எண்ண வந்த இட்வால்
ஷூ கயிறு கட்ட இடம் தேடி
சீட்டில் உட்கார்ந்தார்.
என் கண்ணெதிரே, மூடியின் விளிம்பில்,
வெள்ளைப் பவுடரில்
ஒரு கறுப்புப் புள்ளி வியர்த்தது.

"எழுந்திரிங்க."
நின்றது.
"உட்காருங்க."
வியர்த்தது.
"எழுந்திரிங்க."
"நான் என்ன உன் பள்ளிக்கூடப் பிள்ளையா?"

சீட்டைக் கழற்றினேன்.
மார்ச்சில் வாங்கிப் போட்ட இருவர் சீட்டு.
ஈஸ்டருக்கு வருகிறேன், பின்னால் உட்கார்ந்து
கடல்வரை போகலாம் என்று நான் சொல்லியிருந்தாள்;
நான் என்பது அவள் பெயர், கார்டிஃபில் இருக்கும் என் தங்கை.
வரவில்லை.
அந்தச் சீட்டின் இரும்பு விளிம்பு
எஞ்சினின் மூச்சுக்குழாய் மேல் படுத்திருந்தது.
நான் ஏறி உட்கார்ந்ததும் குழாய் நசுங்கும்.
மூச்சுவிட வழியில்லாமல் அது
கிடைத்த பொருத்துவழி எல்லாம் எண்ணெயை உமிழும்.
இங்கே ஆடுகளுக்குப் பஞ்சமில்லை;
ஆனால் தோளில் ஒன்றைச் சுமந்துகொண்டு
ஊரெல்லாம் தேடியவள் நான் ஒருத்திதான்.
ஒரு கேஸ்கட்டும் குற்றவாளி இல்லை.
அந்த மரையை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

கோட்டு மாட்டும் கம்பியை வளைத்து
குழாயை அரை விரல் தள்ளிக் கட்டினேன்.
உட்கார்ந்தேன். குதித்தேன். வெள்ளை.

"இரண்டு பேர் பாரத்துக்கும் பார்க்க வேண்டாமா?"
என்றார் இட்வால், வேறெங்கோ பார்த்தபடி.

அவளுக்காக வாங்கிய ஹெல்மெட்,
விலைச்சீட்டு தொங்க, அவர் தலையில்.
ஏரிவரை போனோம். வளைவுகளில்
என் கோட்டைப் பிடிப்பதா வேண்டாமா என்று
கடைசிவரை அவருக்கு முடிவாகவில்லை.

திரும்பி வந்து அட்டை விரித்தோம்.
காத்திருந்தோம். தேநீர் ஆறியது.
டப்.

"ஒன்று" என்றார் இட்வால்,
பிரசவ அறைக்கு வெளியே நிற்பவர் குரலில்.