மூன்றாம் போகம்

ஆடி பிறக்க ஒரு கிழமை இருக்கையில்
பலகையைக் கழற்றி மடியில் வைத்து
மண்ணெண்ணெய் தோய்த்த சீலையால்
மூவாயிரத்தைத் துடைக்கிறேன்.
பூச்சியங்கள் இலகுவாய்ப் போகின்றன.
மூன்று மட்டும் கொஞ்சம் மல்லுக்கட்டும்.

கூடாரம், இருவர், ஓரிரவு:
ஒன்பதாயிரம்.
ரோசா பஸ்ஸுக்குள் கட்டில்:
பதினாறாயிரம்.
அதைக் கரவன் என்று எழுதச் சொன்னவர் நேசராசா அத்தான்.
செட்டிகுளத்தில் கண்டம் பண்ணிக் கிடந்த பஸ்.
எஞ்சின் இல்லை, ஸ்டியரிங் இருக்கிறது.
வருகிற பிள்ளைகள் ஓட்டுவார்கள்
முத்தையன்கட்டுக் குளக்கட்டிலிருந்து
சூரிச் வரைக்கும்.

காலபோகம், சிறுபோகம் தெரிந்த ஊருக்கு
இது மூன்றாம் போகம்.
விதைப்பில்லை, உரமானியம் இல்லை.
கட்டுநாயக்காவில் இறங்கி
மாங்குளத்தில் கிழக்கே திரும்பும்
ஏசி வான்களில் விளைகிறது.
நாற்பது நாள்.
அதற்குள் அறுத்தால்தான் அறுப்பு.
ஐப்பசி மழைக்குக் கூடாரத்தில் தவளைதான் தங்கும்,
அது காசு தராது.

தவரூபன் பலகையை இரண்டு தரம் வாசித்தார்.
"மாசியில மச்சான் வந்து நிண்டவன். மூவாயிரம் எண்டான்."
"ஓம் அண்ணை. அது மாசி."
"எங்கட ஆக்களுக்குமோ?"
"இஞ்ச வாறது எல்லாம் எங்கட ஆக்கள்தானே."
சிரித்தார். பெட்டிகளை இறக்கினார்.

அவருக்கு நான் லீசிங் புத்தகத்தைக் காட்டவில்லை.
சோளகம் கிழித்த இரண்டு கூடாரம்,
யானை வேலிக்குப் புது பற்றரி,
ஒருவரும் வராத பங்குனியிலும்
காவலுக்கு நின்ற பொடியனின் சம்பளம்.
வெறுமையாய்க் கிடந்த இரவுகளையெல்லாம்
வந்தவர் தோளில் ஏற்றுகிறேன்.
அது நியாயமா என்று டிலக்சி கேட்கிறாள்.
ஓ.எல்லுக்கு வணிகம் எடுக்கிறாள்.
கேள்விக் கோடு, நிரம்பல் கோடு,
இரண்டும் வெட்டும் புள்ளிதான் விலையாம்.
கொப்பியை என் பக்கம் திருப்பிக் காட்டுகிறாள்.

அந்தப் புள்ளியில் நான் நின்றிருக்கிறேன்.
மாத்தளன் மணல், எனக்கு இருபத்திரண்டு வயது.
ஒரு துண்டுத் தறப்பாளுக்கு
என்னுடைய இரண்டு தோடும் போனது.
ஆறடி, ஓரத்தில் ஒரு ஓட்டை.
விற்றவனிடம் இன்னொன்று இருந்தது,
அதற்குக் கீழே அவனுடைய நாலு பிள்ளைகள்.
கெட்டவன் என்று சொல்ல வாய் வருவதில்லை.
நல்லவன் என்றும்.
அவன் ஒரு விலை சொன்னான்,
நான் காதைத் தடவினேன்.

இதை டிலக்சிக்குச் சொல்லவில்லை.
"கோட்டை நேராக் கீறு" என்றேன்.

அன்று நடுச்சாமம் சிப் இழுபடும் சத்தம்.
தவரூபன் வெளியே வந்து
பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார்.
மனிசியும் பிள்ளைகளும் உள்ளே நல்ல நித்திரை.
"வெக்கையோ அண்ணை?"
"இல்லை."
குளத்துப் பக்கமாய்ப் பார்த்துக்கொண்டே
விரலால் கூடாரச் சீலையைச் சுண்டினார்.
"இந்தச் சத்தம்," என்றார்.
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
நான் கேட்கவும் இல்லை.
வெறும் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்,
சீனியைக் கையில் தந்தேன்.
"இதுக்கு எவ்வளவு?"
"தேத்தண்ணிக்கு சீசன் இல்லை அண்ணை."

விடிய, நாலு இரவுக் காசையும்
எண்ணி முழுசாய்த் தந்தார்.
நானும் எண்ணித்தான் வாங்கினேன்.

புரட்டாதி.
பள்ளிக்கூடம் தொடங்கிய நாடுகளுக்கு
எல்லாரும் போய்விட்டார்கள்.
கரவனின் ஸ்டியரிங்கில் ஒரு ஓணான்.
பலகை திரும்பவும் மடியில்.
எவ்வளவு தேய்த்தும் ஒன்பது போகவில்லை.
மண்ணெண்ணெய் முடிந்தது.
அதற்கு மேலேயே மூன்றை எழுதிக் கொழுவினேன்.

மோட்டார் சைக்கிளில் வந்த புதுச் சோடி ஒன்று
கேற்றடியில் காலூன்றி நின்று வாசிக்கிறது:
"எண்ணாயிரமோ அக்கா?"
"மூண்டு," என்கிறேன்.
"கிட்ட வந்து பாருங்கோ."