முப்பத்தொன்று, முப்பத்திரண்டு

குடியாத்தத்தில் முதல் பஸ் ஏறினால்
பலமனேரில் பால் வண்டிக்கு முன்னால் இறங்கிவிடலாம்.
திரும்பும்போது தெர்மாகோல் பெட்டியைத் தட்டிப் பார்த்து
மீனா என்பார் கண்டக்டர்.
மீன்தான் என்பேன்.

உள்ளே வெள்ளை மூடி டப்பாக்கள்.
பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்.
முப்பத்தொன்று: ஏ.ஆர்.டி. அட்டை உண்டு,
சி.டி.4 அறுபத்தெட்டு,
நான்கு மாதமாக வயிறு நிற்கவில்லை.
முப்பத்திரண்டு: அதே வீடு, அட்டை இல்லை,
நான்கு நாள் போய்த் தானே நின்றது.

லேபில் எனக்கு மட்டும் அந்த எண்களுக்கு முகம் உண்டு.
ரெட்டெம்மா டப்பாவை முந்தானைக்குள் வைத்துக் கொண்டுவருவாள்.
அவள் அண்ணன் மனைவி நாகவேணி
நடுவாசலில் நின்று நீட்டுவாள்.
சமையலறையின் பின்சுவரில் ஓர் ஆணி;
கழுத்தில் நூல் கட்டித் தொங்கும் ஒற்றைச் சொம்பு.
யாருடையது என்று நான் கேட்டதில்லை.

லென்ஸில் இரண்டும் ஒன்றுதான்:
பச்சைச் சாயத்தில் செம்புள்ளிகள்,
கிரிப்டோஸ்போரிடியம்.
அதற்குமேல் கண்ணுக்கு எட்டாது.
எங்கிருந்து வந்தாய் என்று
மரபணுவிடம்தான் கேட்க வேண்டும்.
நொதி விட்டு வெட்டி, ஜெல்லில் ஓட்டி,
ஊதா விளக்கைப் போட்டேன்.
பக்கத்துப் பக்கத்துத் தடங்களில்
ஒரே உயரத்தில் கோடுகள்.
மனிதரிடமே சுற்றும் வகையில்லை இது,
கன்றுக்குட்டி வகை.

மூன்று முறை ஓட்டினேன்.
மூன்றாவது தேவையே இல்லை.
பார்க்கப் பிடித்திருந்தது.

"அவகிட்டேர்ந்துதானே எனக்கு?"
நாகவேணி தெலுங்கில் கேட்டாள், குரலை இறக்கி.
அவள் முடிவை அவளிடம் சொல்லலாம்.
இல்லைம்மா, உங்களோடது கன்றுகிட்டேர்ந்து.
சாணி தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்க,
தண்ணியக் கொதிக்க வையுங்க.
அவள் கன்றைப் பார்த்தாள்.
நெற்றியில் வெள்ளைச் சுட்டி;
கழிச்சலில் வால் ஒட்டிப்போயிருந்தது.

அடுத்த மாதம் போனபோது
கொல்லையில் இருந்த கன்று இடம் மாறியிருந்தது.
தள்ளிக் கட்டியிருக்கிறார்கள்,
பின்பக்கம், ரெட்டெம்மா படுக்கும் சார்ப்பை ஒட்டி,
அந்த ஆணிக்குக் கீழே.
அவள் அதன் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தாள்.
அது அவள் விரலைச் சப்பியது,
அவள் சிரித்தாள்;
நான் பார்க்க முதல்முறை.

பெட்டியைக் கீழே வைத்தேன்.
என்னிடம் இருக்கும் அரைகுறைத் தெலுங்கில்
எந்தச் சொல்லிலிருந்து தொடங்குவது?